ரப்பர் விதைகள்

தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. ரப்பர் மரமெல்லாம் நனைந்து இன்று பால் வெட்டு இல்லாததால், தோட்டத்துச் சிற்றாலயம் பகலிலேயே நிறைந்திருக்கிறது. புனித ஜெர்மேனின் நினைவுநாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் உபதேசியார் ரெஜினோல்ட் கதை சொல்கிறார். தாயில்லாத அந்தப் பெண்ணை அவள் சித்தி மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்தாளாம். ரொட்டி திருடினாள் என்று மடியை உதறச் சொன்னபோது, கடும் பனிக்காலத்தில் பூக்கள் உதிர்ந்தனவாம். ஹில்டா முந்தானையை வாய்மேல் அழுத்திக்கொள்கிறாள். லயத்து வீட்டு வரிசையே வேடிக்கை பார்க்க, புருஷனின் மூத்த தாரத்து மகள் ஸ்டெபானியின் பாவாடையை, அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, ஹில்டாவும் ஒருநாள் இப்படித்தான் உதறினாள். ரொட்டி விழவில்லை. பிள்ளை விளையாடப் பொறுக்கிய ரப்பர் விதைகள் வாசலெங்கும் உருண்டன. அதைப் பார்த்த பிறகும், அன்றும் பிள்ளையின் பாய் வாசல் திண்ணையான வெளி இஸ்தோப்பில்தான் கிடந்தது. இப்போது கொழும்பு வேலையிலிருந்து லீவில் வந்திருக்கும் ஸ்டெபானி, பீடத்துக்குப் பறித்த வெள்ளை அரலியாப் பூ மடி நிறைய இருக்க, பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிறாள். "அப்புறம் சித்தி மனசு மாறி, உள்ளுக்கு வந்து படுன்னு கூப்பிட்டாங்க," என்கிறார் உபதேசியார். காற்றில் திரி அணைகிறது. அவர் தீப்பெட்டியைத் தடவுகிறார். அந்த மங்கலில் ஹில்டா மெல்லக் குனிகிறாள். "இன்னைக்கு உள்ளுக்குப் படுத்துக்க புள்ள. கட்டில்ல விரிச்சு வச்சிருக்கேன்." ஸ்டெபானி பூவில் ஒட்டிய மழைத்துளியைத் துடைக்கிறாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "வேணாம் சித்தி. எனக்கு உள்ளுக்குப் படுத்தா தூக்கம் வராது."