வீரனுக்கு ஒரு சங்கிலி

டவுன் ஆஸ்பத்திரியில் இறந்துபோன அண்ணனின் காரியத்தை ஊரில் முடித்த மறுநாளே, பாவாயி மகள் மோனிஷாவோடு கொல்லிமலை பஸ் ஏறிவிட்டாள். அண்ணன் வளர்த்த நாய் அங்கே பட்டினி கிடக்குமே!

வேலைக்கென்று மலையேறிய அந்த ஒண்டிக்கட்டை, ரிட்டயரான பிறகும் இறங்கவில்லை. பொங்கல், தீபாவளி நோம்பிக்குக் கூப்பிட்டால், "வீரனை ஆரு பார்த்துக்குவா?" என்பார். நாங்களாவது வாரோமே என்றால், "வேண்டாஞ்சாமி, புது ஆளைக் கண்டா கடிச்சு வெச்சிரும்" என்று போனை வைத்துவிடுவார்.

மிளகுக் கொடிகளுக்கு நடுவே வீடு பூட்டிக் கிடந்தது. மோனிஷா புதுச் சங்கிலியும் கையுமாக, "வீரா, வீரா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

குரல் கேட்டுப் பக்கத்துக் காட்டுக் கண்ணாயி வந்தாள். "நாயைத் தேடறீங்களா கண்ணு? இங்க நாயே இல்லீங்களே. இந்த ஊட்டு அண்ணனுக்கு நாயின்னாலே நடுக்கம். நீங்க ஆருங்க?"

"அவரு தங்கச்சிங்க. இவ என்ற மக."

கண்ணாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானுங்களா அது! அண்ணன் தவறிட்டாருன்னு கேட்டதுல இருந்து மனசே ஆறலீங்க. நோம்பிக்கு எங்கூட்டுல சாப்பிடக் கூப்பிட்டா வரவே மாட்டாருங்க. 'தங்கச்சியும் மருமவளும் வாராங்க, நாஞ் சமைக்கோணும்'னு கதவைச் சாத்திக்குவாரு. வந்து போறவங்களை ஒருக்காக்கூடப் பார்க்க முடியலையேன்னு நெனப்பேன். இன்னைக்குத்தான் குடுத்து வெச்சிருக்குது."

மோனிஷா சங்கிலியைப் பைக்குள் போட்டாள்.

"அண்ணன் சமையல் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள் கண்ணாயி.

பூட்டிக் கிடந்த கதவையே பாவாயி பார்த்தாள்.

"நல்லா ஆக்குவாருங்க. எங்களுக்கெல்லாம் போட்டுட்டு, கடைசியாத்தான் அவரு உக்காருவாரு."