கேட்டில் வைத்த போன்

"ஏ புள்ள, ஒன் போனை அந்த செக்யூரிட்டி நோண்டிக்கிட்டு இருக்காரு. என் கண்ணால பாத்தேன்."

சுகப்பிரியா இப்படிச் சொன்னதும் முத்துச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

இருவருக்கும் ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் வேலை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி பாண்டுரங்கனிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடியும் வரை அது அவர் பக்கத்து ரேக்கில்தான் கிடக்கும்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"விரல் கிழிஞ்சு ஃபர்ஸ்ட் எய்டுக்குப் போனேன்ல, அப்பத்தான். ஒரு கையில ஒன் போனு, இன்னொரு கையில அவரு போனு. அதைப் பாக்குறாரு, இதுல பேசுறாரு. சிரிப்பு வேற. நீதான் போன் மேலேயே ஒன் போட்டோவ வச்சிருக்கியே."

சுகப்பிரியா எதையும் ரெண்டு பங்காகச் சொல்கிற ரகம். ஆனால் கேட்டில் இருக்கும் கேமரா அப்படி இல்லையே. எச்.ஆர். மேடம் ஜாஹ்னவியின் அறையில் பதிவைப் போட்டுப் பார்த்தபோது, அவள் சொன்னது அப்படியே ஓடியது.

பாண்டுரங்கனைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொண்ணு போனை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம்."

"யார்கிட்ட பேசினீங்க?"

அவர் ஒருமுறை முத்துச்செல்வியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சொல்றதுக்கு ஒண்ணியும் இல்ல மேடம். தப்புதான்."

"ஒங்க வீட்டுல பொம்பளப் புள்ளைவ இல்லியா?" என்று கேட்டாள் முத்துச்செல்வி. அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"நாளையிலேர்ந்து பின்பக்க லாரி கேட்டுக்குப் போங்க. இன்னொரு தடவை புகார் வந்தா வேலையே இருக்காது" என்றார் ஜாஹ்னவி.

"சரி மேடம்." கதவு வரை போனவர் நின்றார். "போன் ரேக்காண்ட இனிமே யாரு இருப்பாங்க மேடம்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

வெளியே வந்ததும், "நெஞ்சழுத்தத்தைப் பாத்தியா?" என்றாள் சுகப்பிரியா.

முத்துச்செல்விக்கு அந்த போன் வெறும் போன் இல்லை. அவள் அம்மாவே அதற்குள்தான் இருந்தாள். சொந்த ஊரான திசையன்விளையில் தனியாக பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு இன்சுலின் போடுகிற அளவுக்கு சுகர். அதிகமானாலாவது பார்த்துக்கொள்ளலாம். இறங்கிவிட்டால் மயக்கம்தான், பக்கத்தில் எழுப்ப ஆள் கிடையாது. அதற்காகத்தான் அம்மாவின் கையில் வட்டமாக ஒரு சென்சார் ஒட்டிவிட்டு வந்திருந்தாள். அது சுகரை அளக்க அளக்க, இன்டர்நெட் வழியாக மகளின் போனில் கோடு ஏறி இறங்கும்.

தினமும் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

மறுநாளும் அப்படித்தான் பார்த்தாள். பதினோரு மணிக்கு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. பதினொன்றரைக்கு நூற்று நாலு.

உடனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"எம்மா, நீ கெட்டிக்காரிதான் போ. எறங்கினதும் ஏத்திட்டியே."

அம்மா சிரித்தாள். பேச்சோடு பேச்சாக செக்யூரிட்டி கதையையும் முத்துச்செல்வி சொன்னாள்.

"பாத்தா பெரிய மனுசன் மாதி இருக்காரு. செய்யுத வேலையப் பாரு. லாரி கேட்டுக்கு மாத்த வச்சிட்டேன்."

மறுமுனையில் அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

"எம்மா, இருக்கியா?"

"பாவி மவளே, அந்த அண்ணாச்சிதாம்ட்டி ரெண்டு மாசமா என்னை எழுப்பி விடுதாரு."

முத்துச்செல்விக்குப் புரியவில்லை.

"எனக்குச் சுகர் எறங்கினா ஒன் போன்ல அலாரம் கத்துமாம்லா. நீ சைலண்ட்ல போட்டுட்டுப் போனாலும் அது கத்துமாம். போன் பூட்டியிருந்தாலும் தெரியுத மாதி அவசர நம்பருன்னு என் நம்பரை நீதான அதுல போட்டு வச்சிருக்க? அதைப் பாத்துத்தான் மொத நாளு தன் போன்ல இருந்து கூப்பிட்டாரு. எனக்கு அசந்து போச்சுன்னா அலாரம்லாம் எங்க கேக்கு? அவரு விடாமக் கூப்பிட்டு எழுப்புவாரு. நான் சீனித்தண்ணி குடிச்சு, ஒன் போன்ல நம்பர் ஏறுத வரைக்கும் போனை வைக்க மாட்டாரு. ஏதாவது சிரிக்கப் பேசிக்கிட்டே இருப்பாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாந்தான் சத்தியம் வாங்கினேன். நானா முழிக்கலன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவ. நீ பெர்மனென்ட் ஆவ இன்னும் ரெண்டு மாசந்தான கெடக்கு?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நின்ற முகம் நினைவுக்கு வந்ததும், முத்துச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

"எம்மா... அப்பம் இன்னைக்கு? லாரி கேட்டுல அலாரம் கேக்காதே."

"கேக்கல. எப்பவும் பதினோரு மணி வாக்குலதான எறங்குது, அந்த மணியப் பாத்துத்தான் கூப்பிட்டாராம். 'வேற எடத்துக்கு வந்துட்டேம்மா, இனிமே தெனமும் பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டுடுறேன்'னாரு. ஏன் மாத்துனாவன்னு கேட்டேன். சொல்லல."

அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"'பொண்ணு வெளியூர்ல தனியா கீதேன்னு நீங்க கவலையே படாதீங்கம்மா, அது போனைக்கூட ஒருத்தன் தொட முடியாது, அம்மாம் உஷாரு'ன்னு மட்டும் சொல்லிச் சிரிச்சாருட்டி."