பியானோ இல்லாத ஆறாவது பாட்டு

இருபத்திரண்டு வருஷம் அவள் ஜாஸ் பாடினாள். பியானோ எப்போதும் அண்ணன்தான். புது ஆல்பத்தில் அவள் பாணியை மாற்றிக்கொண்டாள். பியானோ கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் தாளம். அதை அண்ணனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டான்.

ஆறாவது பாட்டைப் பாடிய மறுநாள் காலை, ஒலிப்பதிவாளர் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், பியானோ யாரு வாசிச்சது?"

"இதுல பியானோவே இல்லையே."

அவர் போட்டுக் காட்டினார். அவள் குரலுக்கு அடியில் பியானோ மெதுவாகக் கேட்டது. இரண்டாவது சரணத்தில் அவளுக்கு மூச்சு போதாமல் போகும் இடத்தில் அது ஒரு நொடி நின்றது. அவள் வந்து சேர்ந்ததும் தொடர்ந்தது. மேடை மேடையாக அவளுடைய அந்தக் குறையை வெளியே தெரியாமல் காப்பாற்றிய கை அது. அவளால் ஒலிப்பதிவாளரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அந்த ஒரு பாட்டில் குரலும் தாளங்களுமாக மொத்தம் பதினொரு டிராக். தனித்தனியாகப் போட்டால் எதிலும் பியானோ இல்லை. சேர்த்துப் போட்டால் இருந்தது.

அவள் வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள்.

"அண்ணா, சாப்பிட்டியா?"

"ஆச்சு. ரெண்டாவது சரணத்துல உனக்கு இன்னும் மூச்சு வாங்குதே. நான் ஒரு நொடி நின்னுதான் போனேன், கேட்டியா?"

அந்தப் பாட்டு இன்னும் ஸ்டூடியோவை விட்டு வெளியே போகவில்லை.

"உன்கிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்ணா," என்றாள்.

"அதை விடு," என்றான் அண்ணன். "நாளைக்கு ஏழாவது பாட்டு எத்தனை மணிக்கு?"