ஏழாம் கட்டிலின் பரவசம்

“வேணும்னேதான் செய்றீங்களா?”

நர்ஸ் அந்தத் தாளை டெய்லரம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஏழாம் கட்டில். மூன்றாவது நாளாக ‘பரவசம்’ என்ற கட்டத்தில் டிக்.

வலி மருந்து ஏறுகிற ஒவ்வொருவரும் காலையில் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். வலி, மந்தம், கிறக்கம், பரவசம். நாலே வார்த்தை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். பரவசம் என்றால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். டெய்லரம்மாவோ துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

அவளுக்கு வலிதான் என்று நர்ஸ் டாக்டரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். “வலி அவங்களுக்கா, உங்களுக்கா?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார் மனுஷன்.

“கடைசித் தடவையா சொல்றேன், கேளுங்க. மந்தம்னா, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கவே சோம்பலா இருக்கிறது. கிறக்கம்னா, கண்ணு சொக்கித் தலை சுத்துறது. பரவசம்னா, ஒரு காரணமும் இல்லாம மனசு பறக்கிறது. பச்சையா சொன்னா போதை. உங்களுக்கு மனசு பறக்குதா?”

“எங்க சிஸ்டர் பறக்க? திரும்பிப் படுக்கவே முடியல.”

“அப்போ வலியில டிக் போட்டா என்ன கொறஞ்சு போயிடும்?”

டெய்லரம்மா சுற்றும் ஃபேனைப் பார்த்தாள்.

“மருந்துக்கு அடிமையாயிடுவோம்னு பயமா?”

“அதெல்லாம் இல்ல.”

நர்ஸுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபது கட்டிலுக்கு ஒருத்தி. இதில் தினமும் இந்த அம்மாவோடு மல்லுக்கட்டு வேறு.

“நாலு மணிக்கு உங்க வீட்டுக்காரர் வருவாருல்ல? அவர்கிட்டயே சொல்லிடறேன்.”

டெய்லரம்மா சட்டென்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்காகத்தான் சிஸ்டர் போடுறேன். வந்ததும் வராததுமா இந்தத் தாளைத்தான் படிப்பார். வாயால சொன்னா நம்ப மாட்டார். எனக்கு வலின்னு தெரிஞ்சா பொட்டுத் தூக்கம் தூங்க மாட்டார். விடிஞ்சா அறுபது பேரை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டணுமே.”

நர்ஸ் அதே கோபத்தோடு போய் வேறொரு தாளை எடுத்துவந்து நீட்டினாள்.

“இதுல உள்ளதை உள்ளபடி போடுங்க. இது டாக்டருக்கு. அந்தப் பரவசத் தாள் பாட்டுக்குக் கட்டில்லயே தொங்கட்டும்.”

நாலு மணிக்கு யூனிஃபார்மோடு வந்தார் டிரைவர். தாளைப் படித்தார்.

“அடேயப்பா, இன்னிக்கும் பரவசமா!”

இருவரும் சிரித்தார்கள்.

போகும்போது நர்ஸின் மேசையருகே தயங்கி நின்றார்.

“சிஸ்டர், அவளுக்கு மருந்தைக் கூட்டச் சொல்லுங்க. அந்த டிக் பொய். தலையணைக்கு அடியில பல்லு பதிஞ்ச துண்டு கிடக்கு. நான் பார்த்தது அவளுக்குத் தெரிய வேணாம்.”

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. “யாருக்காக இந்தப் பாடு படுறாங்கன்னு தெரியுமா? நீங்க நிம்மதியா தூங்கி எழுந்து பஸ் ஓட்டணும்னு!”

டிரைவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“நான் பஸ்ஸைத் தொட்டுப் பத்து நாளாச்சு சிஸ்டர். ஸ்டியரிங்ல கை நிக்கல, லீவு போட்டுட்டேன். அவ கவலைப்படக் கூடாதுன்னுதான் தினம் இதை மாட்டிக்கிட்டு வர்றேன்.”