குளியலறைச் சிலந்தி

"அந்தத் தும்புத்தடியக் கீழ வைங்க ஆன்ட்டி! அது முட்டையோட நிக்கிது."

குளியலறை வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள் ஞானேஸ்வரி. எதிரே ஒட்டடை தட்டும் நீளத் தும்புத்தடியோடு போர்டிங் வீட்டுக்காரி கமலம்.

"முட்டையோட நின்னா என்ன, மூட்டையோட நின்னா என்ன? சிலந்தி சிலந்திதான். தள்ளு."

"முட்டைய வாயிலயே கவ்விக்கிட்டு நிக்கிது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பட்டினி. இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சிரும். அதப் படம் எடுக்கத்தான் காத்திருக்கேன்."

"படமா? பாத்ரூமுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? பொம்பளப் புள்ளைங்க குளிக்கிற எடம். காலம் கெட்டுக் கெடக்கு."

ஞானேஸ்வரி ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் விலங்கியல் படித்தவள். அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இப்போது கண்டியில் ஒரு டியூஷன் வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிறாள். கைபேசியில் பொத்தான் அளவு லென்ஸ் ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டி, வீட்டிலும் தோட்டத்திலும் திரியும் சிலந்திகளைக் கால் மயிர் தெரியப் படம் எடுப்பாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவள் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்த லென்ஸ்தான்.

"நல்ல உத்தியோகம். கெம்பஸ் போய் பூச்சி புடிக்கப் படிச்சிட்டு வந்திருக்கு," என்றாள் கமலம்.

"வராந்தாவப் பாருங்க. சாமிப் படத்துக்குப் பின்னால கூட ஒட்டடை தொங்குது. அதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியல. எங்க பாத்ரூம் மேல் மூலைய மட்டும் வாராவாரம் வந்து தட்டுறீங்க!"

"வராந்தாவுலயா நீங்க குளிக்கிறீங்க?"

அறைத் தோழி செசிலியா தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்திருப்பவள். சண்டை அவளுக்கு ஆகாது.

"விடுமப்பா ஞானம். ஒரு பூச்சிக்காக இருக்கிற அறையை விட்டிட்டுப் போகப்போறீரே?"

"பூச்சி இல்ல. சிலந்தி பூச்சி இனமே இல்ல."

"ஓமோம், ரீச்சர். ஆனா வாடகை அறை இல்லாட்டி சிலந்தியும் இல்ல, நீரும் இல்ல."

கமலம் அதற்குள் கைபேசியை எடுத்துவிட்டாள். "ஒங்கப்பாகிட்டயே கேப்போம்."

ஞானேஸ்வரியின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. மகளைக் கண்டியில் தங்கி வேலை செய்ய விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர் அப்பா. கடைசியில் இந்த ஒரு வீட்டுக்குத்தான் சம்மதித்தார். விதவையான கமலம் தனியாக நடத்தும் போர்டிங். தண்ணீர்க் குழாய் திருத்துகிறவன் கூட, பெண்கள் வேலைக்குப் போன பிறகுதான் உள்ளே வரலாம். இங்கிருந்து துரத்தினால் வேறு அறை தேடும் பேச்சே இல்லை. நேரே லயத்துக்குப் போய், அடுத்த தையில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது.

"ஏம்மா ஞானம், ஆம்பள வாடையே இல்லாத வீடுன்னுதான ஒன்ன அங்க விட்டேன்? அந்தம்மா தாயா இருந்து பாத்துக்குது. அதுகிட்டப் போயி வாயாடுறியா?"

"அப்பா, நான் ஒரு படந்தான்..."

"படமும் வேணாம், பாம்பும் வேணாம். அது சொல்றதக் கேக்க ஏலாதுன்னா இன்னைக்கே குட்ஷெட் ஸ்டாண்டுல பஸ் ஏறி வீட்டுக்கு வா."

கமலம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, குரலில் தேன் வடியப் பேச ஆரம்பித்தாள். "சின்னப் புள்ளதான அண்ணே... நான் பாத்துக்கிறேன். என் வயித்துல பொறந்த மாதிரித்தான் நெனைக்கிறேன்..."

ஞானேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவள், ஒரு சிலந்தியைக் காப்பாற்றக்கூட அப்பாவிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது! சரி, அடித்துக் கொல்லட்டும். அதற்கு முன்னால் ஒரு படம். ஒரே ஒரு படம்.

கைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே கமலத்தின் பேச்சு பாதியில் நின்றது. அடுத்த நொடி கதவு அதிர்ந்தது.

"ஏய்! கதவத் தெற! போனோட உள்ள போகாதன்னா கேக்க மாட்டியா?"

ஞானேஸ்வரி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். சத்தத்தில் மிரண்ட சிலந்தி, வாயில் முட்டைப் பொதியோடு வலையின் நடுவிலிருந்து பின்வாங்கி, சுவரில் இருந்த வெள்ளை வயர்ப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்து, கைபேசியின் விளக்கைப் போட்டுப் படம் எடுத்தாள்.

அற்புதமான படம். முட்டைகளுக்குள் குஞ்சுகளின் கால்கள் மடிந்து கிடப்பதுகூடத் தெரிந்தது. விரலால் பெரிதாக்கிக் கண்களை எண்ணினாள். பக்கத்துக்கு மூன்று. நடுவில் பொடிசாய் இரண்டு. எட்டு, சரி.

பிறகு ஒன்பதாவதைக் கண்டாள்.

அது எட்டையும்விடப் பெரியது. சிலந்தியின் தலைக்குப் பின்னால், வயர்ப் பெட்டியில் இருந்த ஓட்டைக்குள். தண்ணீர்த் துளியாக இருக்கும் என்று இன்னும் பெரிதாக்கினாள். கறுப்பு வளையம். உள்ளே உருண்டைக் கண்ணாடி. அதன்மேல் ஊதா மினுக்கம். அந்த மினுக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையிலிருக்கும் லென்ஸிலும் அதேதான்.

கெமரா.

ஓட்டைக்குக் குறுக்கே வலை. ஓட்டைக்கு நேர் கீழே, அவளும் செசிலியாவும் தினமும் குளிக்கும் இடம்.

கதவைத் தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. கமலத்தின் குரல் இப்போது தாழ்ந்து, கெஞ்சலாக வந்தது.

"ஞானம்... நல்ல புள்ளல்ல... சிலந்திய நீயே வச்சுக்கம்மா. அந்த வயர்ப் பொட்டில மட்டும் கைய வச்சிராத."

பெட்டியைப் பற்றி ஞானேஸ்வரி இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.