வரப்புக்கு அடியில் ஒரு குழாய்

"மாட்டிக்கிட்டான்!" மண்வெட்டியோடு வீட்டுக்குள் பாய்ந்தார் அண்ணன். "வரப்புக்கு அடியில குழாய் புதைச்சிருக்கான் உன் கொழுந்தன்!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "சரி, அதுக்கென்ன?"

"என்னவா? என் மிளகாய் என் கைராசியில நிக்குது. சொட்டு நீர்ல கால்வாசித் தண்ணியே போதும்னு பீத்திக்கிறவனுக்கு எப்படி நிக்குது? என் வயல்லேர்ந்து உறிஞ்சறான்!"

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

"பேசியே ரெண்டு வருஷமாச்சு!"

தம்பி சொட்டு நீர்க் குழாய் போட்டபோது, 'ஊசியால ஊத்தற விவசாயம்' என்று ஊரைக் கூட்டிச் சிரித்தவர் இவர்தான். பொதுக் கிணற்றில் ஆளுக்கொரு நாள் முறை மட்டும் மாறாமல் நடந்தது.

"குழாயை அடைக்கப் போறேன்!"

"வேண்டாம். அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க."

கேட்பாரா? பழைய சாக்கைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். தினமும் காலையில் வரப்பில் ஏறித் தம்பியின் செடிகளை எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வாடிருச்சு! எல்லாம் தலை தொங்கிருச்சு!"

"யாரோடது?"

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். "நம்மளது."

"நம்ம முறைத் தண்ணி நமக்குப் பத்தலைன்னு அவருக்குத் தெரியும். தனக்கு மிச்சமானதை அந்தக் குழாய் வழியா நம்ம வயலுக்கு விட்டாரு. கையில குடுத்தா வாங்க மாட்டீங்கன்னுதான் மண்ணுல புதைச்சாரு."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாக்கை எடுக்கவா?" என்றாள் அவள்.

"அதை நீ எடு. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"அந்த ஊசி எங்க கிடைக்குதுன்னு கேக்கணும்."