பதினான்கு வளைவு

“மச்சான், உங்க வண்டிதான். ஸ்டியரிங்னா அதுதான் ஸ்டியரிங்.”

கணவன் இப்படிச் சொன்னதும் அவளுக்குக் காது சுட்டது. வாசலில் அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே நின்றிருந்தது.

யார் வண்டியின் ஸ்டியரிங் உசத்தி என்ற பந்தயத்தை ஆரம்பித்து வைத்ததே அண்ணன்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் துடைத்தபடி காலையிலிருந்தே சீண்டிக்கொண்டிருந்தார். நாலு கதவு வைத்த வண்டியில் ஸ்டியரிங் எங்கே இருக்கிறது, மெத்தையில் படுத்துக்கொண்டு ரோட்டுக்குத் தந்தி அடிக்கிற கதைதானே என்றார்.

வேறு யாரைச் சொன்னாலும் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். அவள் கணவனுக்கோ, கார் தொழிற்சாலையில் ஸ்டியரிங் சோதிப்பதுதான் வேலை. அவர்கள் வந்திருந்த செடானின் ஸ்டியரிங்கைச் சோதித்துப் பதமாக்கி முடித்தவனே அவன்தான். பதினோரு மாதம். சோதனைத் தடத்தில் ஒரே வளைவை நாளுக்கு இருநூறு தடவை ஓட்டிவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். “தட்டு நல்லாத் திரும்புது, சாப்பிடுங்க” என்பாள் அவள். அந்தக் காய்ப்பு விழுந்த கைகளைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

அதோடு, அவனுக்கு முகத்துக்காகப் பேச வராது. கல்யாணமான புதிதில் சமையல் எப்படி என்று கேட்டதற்கு, “உப்பு இல்லை. மத்தபடி வேகலை” என்றவன்.

ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் பதினான்கு வளைவு. முதல் சுற்று அவரவர் வண்டியில், அடுத்த சுற்று வண்டியை மாற்றிக்கொண்டு என்று பேச்சு. இரண்டாவது சுற்று முடிந்து திரும்பியபோது, அண்ணன் உடனே இறங்கவில்லை. செடானின் ஸ்டியரிங் மேல் வைத்த கையை எடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தாயிற்று என்று நினைத்தாள் அவள்.

அப்போதுதான் கணவன் வாயைத் திறந்து தோற்றான்.

அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மாப்பிள்ளைக்குப் பெரிய மனசு, தொழில் தெரிந்தவர் இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் உரக்கச் சொன்னார்.

தோற்றதோடு விட்டானா? அந்த வண்டியை ஒரு வாரம் இரவல் தரச் சொல்லிக் கெஞ்ச ஆரம்பித்தான். தொழிற்சாலையில் எல்லாரும் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதுவரை செடானை மச்சான் வைத்துக்கொள்ளட்டுமாம். பெற்ற பிள்ளையைக்கூட அனுப்புவேன், இதைக் கொடுக்க மாட்டேன் என்று அண்ணன் இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவது தடவை, ராஜா மோதிரம் கழற்றித் தருகிற மாதிரி சாவியை நீட்டினார்.

“பத்திரம் மாப்பிள்ளை. பார்த்து நல்லாக் கத்துக்கச் சொல்லுங்க.”

அவள் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

தெருமுனை தாண்டும்வரை பொறுத்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். பதினோரு மாத உழைப்பைப் பதினைந்து நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்தாயிற்று. பணக்கார மச்சான் என்றால் நாக்கு இப்படியா வளையும். இனி அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பது. வண்டி இருபதில் ஊர்ந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்தார்.

“அவ்வளவு உசந்த வண்டின்னா கொஞ்சம் ஓட்டித்தான் காட்டுங்களேன். நடந்தே வந்திருக்கலாம்.”

“இதுக்கு மேல போனா இந்த ஸ்டியரிங்கை நம்ப முடியாது” என்றான் அவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஒடிச்சா, சக்கரம் கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்புது. கீழே மூட்டு தேஞ்சு ஆடுது. முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மொட்டை. மூணாவது வளைவுலயே கைக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அண்ணனா? மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம சர்வீஸ் விடுவாரே.”

“அவரேதான். ஒரு வருஷமா ஒரு ஸ்பேனர்கூடப் பட்டிருக்காது. மேலே பாலிஷ் போட்டுக்கிட்டே இருக்கார்.”

அண்ணன் கட்டட ஒப்பந்தக்காரர். இந்த வருஷம் வேலை எப்படிப் போகிறது என்று அவள் கேட்கும்போதெல்லாம், தலைக்கு மேல் இருக்கிறது என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

“அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“யாரு, உங்க அண்ணன்கிட்டயா? நாளைக்கே பார்த்துடறேன்னு சொல்லிட்டு, உங்க அண்ணியைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு நெடுஞ்சாலையில நூறுல போவார். வாரத்துக்குள்ள எல்லாம் மாத்திடலாம். திருப்பிக் கொடுக்கும்போது ரொம்பக் கத்துக்கிட்டோம்னு சொல்லணும். நீயும் சிரிக்காம நிக்கணும்.”

வளைவு ஒன்று வந்தது. அவன் வேகத்தை இன்னும் குறைத்தான். காய்ப்பு விழுந்த அந்தக் கைகள் ஸ்டியரிங்கைக் கேட்டுக் கேட்டுத் திருப்பின.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்போ உண்மையில எது நல்ல வண்டி?”

“அதை, இந்த வண்டியைச் சரிபண்ணினப்புறம்தான் சொல்ல முடியும்” என்றான் அவன். “ஆனா உங்க அண்ணனை நம்பி விட்டுட்டு வந்திருக்கிறது நம்ம வண்டியிலதான்.”